பவாய் ஊர்க் கோவில்

பிலிப்பைன் தீவுக் கூட்டத்துள் மிகப் பெரியது லூசோன் தீவு. அதன் வடமேற்குக் கரையோரமாக, கடலுக்கும் மலைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதியை இலோகோஸ் என்பர். நெல்லும் புகையிலையும் உள்ளியும் விளையும் பூமி அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவர் அங்கே போக நேர்ந்தால் பயிர்களைக் கண்டு திகைக்கமாட்டார். பவாய் என்னும் ஊரின் கத்தோலிக்கக் கோவிலைக் கண்டால் திகைத்தே நிற்பார்.

கிறிஸ்தவக் கோவில் என்றவுடன் பெரும்பாலோர் மனக்கண்ணில் எழுவன விண்ணை நோக்கி உயரும் கூர்ங்கோபுரமும், மெலிந்த தூண்களும், நெடிய சாளரங்களுமே. பவாய்க் கோவில் அவ்வாறு உயர்ந்து நிற்கவில்லை. அகன்ற புற்றரையின் நடுவே, கால்களைப் பரப்பிக்கொண்டு நிலத்தில் அழுந்த அமர்ந்திருக்கிறது. அதன் பக்கச் சுவர்களிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் 24 பெரும் உதைசுவர்கள் வெளியே நீண்டு வருகின்றன. சுவர் வெளிப்புறமாகச் சாயாதபடி முட்டுக் கொடுக்கும் கட்டே உதைசுவர் எனப்படுவது. இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தரை அடி கனமுடையவை. அடியில் அகன்று, மேலே செல்லச் செல்லப் படிப்படியாகக் குறுகுவன. பக்கவாட்டிலே நின்று நோக்குவோருக்குக் கோவிலே கண்ணிற்படாது. முட்டுச் சுவர்களின் வரிசை ஒன்றே தெரியும்.

இவ்வளவு பெரிய முட்டு எதற்காக? எந்தப் பகைவனுடைய பீரங்கிக்கும் அஞ்சி அமைக்கப்பட்டதன்று அது. அங்கே பகை நிலமேதான்.

இலங்கையில் வாழ்வோருக்கு நிலம் என்பது அசையாத பொருள். பிலிப்பைன் மக்களுக்கு அவ்வாறன்று. பூமியின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றோடொன்று முட்டி, ஒன்றின்கீழ் ஒன்று அமிழும் எல்லையிலே அத்தீவுகள் அமைந்துள்ளன. எரிமலையும் நிலநடுக்கமும் அவற்றோடு உடன்பிறந்தவை. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறியபோது, தங்கள் நாட்டு முறைப்படியே கற்கட்டிடங்களை எழுப்பினர். 1645ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி மணிலாவை உலுக்கிய நடுக்கத்தில் நகரத்தின் கற்கட்டிடங்கள் பெரும்பாலும் இடிந்து வீழ்ந்தன. 1607இல் முடிவுற்ற அர்ச். அகுஸ்தீன் கோவில் அந்த அழிவினூடே தப்பி நின்றது. அதன் சுவர்கள் மிகக் கனமானவை. கட்டுவோர் அதிலிருந்து பாடம் கற்றனர். அதன்பின் அத்தீவுகளில் எழுந்த கோவில்கள் பலவும் தாழ்ந்தும் தடித்தும் அகன்றும் அமைந்தன. ஐரோப்பாவில் அக்காலத்தில் பரவியிருந்த அலங்காரம் மிகுந்த பறோக் பாணி, இங்கே வந்தபின் உடல் பருத்துக் கால் தடித்துப் புதிய உருவம் பெற்றது. அதனை நிலநடுக்க பறோக் என்று கட்டிடக்கலை வல்லோர் வழங்குவர்.

இதன் நுட்பம் எளிதாக விளங்கக்கூடியதே. கல்லும் செங்கல்லும் மேலிருந்து வரும் பாரத்தை எவ்வளவும் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் வெடித்துப் போகும். நிலம் நடுங்கும்பொழுது சுவரைப் பக்கவாட்டிலேயே ஆட்டுகிறது. திருவிழாக் கூட்டத்தில் நெருக்குண்ட ஒருவர் கால்களைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றால் விழுந்துவிடுவார். ஒரு காலைப் பின்னே ஊன்றி நின்றால் தாக்குப் பிடிப்பார். உதைசுவர் அப்படி ஊன்றிய கால். கட்டிடத்தின் பாரம் முழுவதும் கீழ்நோக்கி அகன்று செல்வதால் ஆட்டம் மேலே பெருகுவதில்லை.

பவாய்க் கோவிலின் வேலை 1694ஆம் ஆண்டில், அகுஸ்தீன் சபைக் குருவாகிய அந்தோனியோ எஸ்தாவில்யோ அடிகளின் காலத்தில் தொடங்கியது. 1704இல் கோவிலுக்கும் 1707இல் குருமனைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டன. 1710இல் கோவில் முடிந்தது. நூல்களில் அடிகளாரின் பெயர் இருக்கிறது. கல்லைச் சுமந்தவர்களின் பெயர் இல்லை. ஸ்பானிய ஆட்சியில் 16 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டுக்கு 40 நாள் அரசின் வேலைக்குக் கட்டாயமாக வரவேண்டியிருந்தது. போலோ என்பது அம்முறையின் பெயர். பாதை அமைத்தல், மரந்தறித்தல், கப்பல் கட்டுதல் ஆகியவற்றோடு கோவில் கட்டுதலும் அதில் அடங்கும். 1884இல்தான் அது 15 நாளாகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரிய முறையை அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது. பவாய்க் கோவிலின் அழகைப் பேசுவோர் இந்த 40 நாட் கணக்கையும் சேர்த்தே பேசுதல் முறை.

சுவரை உற்று நோக்கினால் யாழ்ப்பாணத்தவருக்கு நன்கு பழகிய ஒரு பொருள் தென்படும். அதுதான் முருகைக்கல். கீழ்ப்பகுதி பெரிய முருகைக்கற்களாலும் மேற்பகுதி செங்கற்களாலும் ஆயது. கடலிலே உயிரினங்கள் கட்டிய கல்லாதலால் முருகைக்கல் கருங்கல்லைவிடப் பாரம் குறைந்தது, அறுப்பதற்கு எளிது, கடற்கரை ஊர்களில் எங்கும் கிடைப்பது. யாழ்ப்பாணக் கோட்டையிலும் பழைய கல்வீடுகளிலும் உள்ளது இதுவே.

கல்லைப் பிணைக்கும் சாந்தின் கதை இன்னும் சுவையானது. சுண்ணாம்பும் மணலும் மட்டுமன்றிக் கருப்பஞ்சாறும் அதிற் சேர்ந்தது. மாவிலை, தோல், வைக்கோல் ஆகியவற்றை அச்சாற்றோடு காய்ச்சிக் கலந்தனர் என்பர். இதனைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரும் பனங்கட்டியும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தர்களின் பழைய வழக்கம். சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாகக் கரையச் செய்கிறது. தோலைக் காய்ச்சிய பசை பிடிப்பைக் கொடுக்கிறது. வைக்கோல் நார் சாந்து வெடிக்காமல் காக்கிறது. இன்றைய சீமெந்து விரைவில் இறுகிப் பாறைபோல் ஆகும், அசைந்தால் பிளக்கும். சுண்ணாம்புச் சாந்து மெல்ல மெல்ல இறுகும். சிறிது இளகியும் கொடுக்கும். நடுங்கும் நிலத்தில் இந்த இளகிய குணமே ஒரு பலம். இவ்விரு நாட்டுக் கொத்தர்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சுண்ணாம்போடு வெல்லச்சத்துச் சேர வேண்டும் என்பதை இரு கூட்டத்தாரும் தத்தம் கைப்பழக்கத்தாலேயே கண்டுகொண்டனர் போலும்.

கோவிலின் முகப்பு வேறொரு வியப்பு. சதுரத் தூண் வடிவங்கள் அதனை மேலிருந்து கீழாகவும், கொடுங்கைகள் குறுக்காகவும் பகுக்கின்றன. உச்சியில் முக்கோண முகடு. அதன் ஓரங்களில் கூம்பிய சிகரங்கள். இடையே மாடக்குழிகளும் அகுஸ்தீன் சபையின் முத்திரையும். அதைக் கண்டவர் சிலர் யாவாத் தீவின் பொரபுதூர் தூபியை நினைந்தனர். சிலர் சீனக் கைவண்ணம் என்றனர். ஸ்பானியர் காலத்துப் பிலிப்பைனில் சீனத் தொழிலாளர் பலர் இருந்தது உண்மை. ஆயினும் பார்வைக்கு ஒத்திருக்கிறது என்ற ஒன்றையே கொண்டு இது அதன் வழித்தோன்றல் என்று துணிவது பொருந்தாது. படிப்படியாகக் குறுகும் எந்தக் கட்டும் தூரத்திலிருந்து பார்ப்போருக்குப் பொரபுதூராகவே தோன்றும்.

முகப்பின் அழகுக்கு வேறோர் ஊரையும் இங்கே சொல்லவேண்டும். பனாய்த் தீவிலுள்ள மியாகாவ் என்னும் ஊரின் கோவில் 1787 முதல் 1797 வரை கட்டப்பட்டது. பவாயின் முகப்பு அடக்கமானது. மியாகாவின் முகப்போ மஞ்சள் நிறக் கல்லில் செதுக்கிய ஒரு தோட்டம். குழந்தை இயேசுவைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடக்கும் அர்ச். கிறிஸ்தோப்பர் அங்கே பிலிப்பைன் உழவரின் உடையில் நிற்கிறார். அவர் பற்றியிருப்பது ஒரு தென்னை மரத்தை. பக்கங்களில் பப்பாசியும் கொய்யாவும் காய்த்து நிற்கின்றன. ஐரோப்பாவில் செதுக்கியிருந்தால் திராட்சைக் கொடி படர்ந்திருக்கும். சிற்பி தன் வீட்டுக் கொல்லையில் கண்டதைச் செதுக்கினான். ஸ்பானியக் குருமார் அதை வேண்டாம் என்று தடுக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அக்கோவிலின் இரு கோபுரங்களும் மணி அடிப்பதற்கு மட்டுமன்றி, கடல்வழி வந்து ஆட்களைப் பிடித்துச் செல்லும் கொள்ளையரைக் கண்காணிப்பதற்கும் பயன்பட்டன.

பவாயிலோ மணிக்கோபுரம் கோவிலோடு ஒட்டி நிற்கவில்லை. வலப்பக்கத்தில், சற்று விலகித் தனியே நிற்கிறது. 1793இல் எழுந்த இம்முருகைக்கற் கோபுரம் மூன்று அடுக்குடையது. அது விலகி நிற்பதற்கும் நிலநடுக்கமே காரணம். உயர்ந்த கட்டிடமும் தாழ்ந்த கட்டிடமும் ஒரே விதமாக ஆடுவதில்லை. ஒன்று விரைந்தும் மற்றொன்று தாமதித்தும் அசையும். ஒட்டிக் கட்டினால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்; கோபுரம் சரிந்தால் கோவிற் கூரையின்மேலேயே வீழும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானியருக்கு எதிராகப் புரட்சி எழுந்தபோதும், இரண்டாம் உலகப் போரில் யப்பானியரை எதிர்த்து மறைந்து நின்று போரிட்டோர் காலத்திலும் இக்கோபுரம் காவற் பரணாகியது. அமைதிக் காலத்தில் அதற்கு வேறொரு வேலையும் இருந்ததாம். செல்வர் வீட்டுத் திருமணமென்றால் மணி பலத்தும் பலமுறையும் ஒலிக்கும். ஏழை வீட்டுத் திருமணமென்றால் குறைந்து ஒலிக்கும் என்று அவ்வூரார் சொல்வதுண்டு. கட்டாய வேலையில் எல்லார் முதுகும் ஒன்றாகவே வளைந்தது. மணியோசையில் மாத்திரம் அளவு வேறுபட்டது.

உதைசுவர்கள் படிக்கட்டுப்போல அமைந்தமைக்கு, கூரைக்கு ஏறிச்செல்வதற்காக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் கூறுவர். புயல் ஆண்டுதோறும் வரும் நாட்டில் கூரையைப் பழுதுபார்க்காமல் ஒரு கோவிலும் நிலைக்காது. ஆதலின் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே.

பவாய்க் கோவிலின் உட்புறம் வெறுமையானது. வெளியே இத்தனை பெருமிதத்தைக் கண்டவர் உள்ளேயும் பொன்னும் வண்ணமும் எதிர்பார்த்து நுழைந்தால் ஏமாற்றமடைவர். அகன்ற ஒரே கூடம், கோடியில் பலிபீடம். நிலநடுக்கமும் புயலும் போரும் பூச்சியும் மாறிமாறி வந்த நாடாதலால், பல ஊர்க் கோவில்களில் சுவர் மிஞ்சியது, தளபாடம் மிஞ்சவில்லை. எனினும் இலோகோஸ் முதல் விசாயன் தீவுகள் வரை எஞ்சியுள்ளவற்றைக் கொண்டு பழைய ஊர்க் கோவிலின் உள்ளமைப்பை அறியலாம்.

வாயிலைக் கடந்ததும் தலைக்கு மேலே பாடகர் மேடை இருக்கும். வாயிலின் அருகே ஞானஸ்நானத் தொட்டி. திருச்சபைக்குள் புகும் வாயில் ஞானஸ்நானம் ஆதலால் அது வாயிலருகே வைக்கப்பட்டது. கூடத்தின் ஒரு பக்கச் சுவரில், படியேறிச் செல்லும் பிரசங்க மேடை. அதன் மேலே குடைபோன்ற ஒரு மரப் பலகை கவிந்திருக்கும். பார்ப்போர் அதனை அலங்காரம் என்று எண்ணுவர். உண்மையில் குருவானவரின் குரல் கூரைக்குப் போய் வீணாகாமல் மக்கள் பக்கமாகத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. ஒலிபெருக்கி வந்தபின் மேடையும் குடையும் ஓய்வு பெற்றன.

பலிபீடத்தின் பின்னே சுவர் முழுவதையும் மறைத்து, அடுக்கடுக்கான மாடங்களோடு மரத்தாற் செய்த பீடத் திரை எழும்பும். ஒவ்வொரு மாடத்திலும் ஒரு திருச்சொரூபம். மேலான சொரூபங்களுக்கு முகமும் கைகளும் மாத்திரம் தந்தத்தால் ஆனவை, உடல் மரச்சட்டம், அதன்மேல் பட்டாடை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், குரு மக்களை நோக்கி நின்று பூசை செய்யும் வழக்கம் வந்தமையால், பல கோவில்களில் பழைய பீடத்தின் முன்னே புதிய பீடமொன்று வைக்கப்பட்டது. இலத்தீன் ஒலித்த இடத்தில் இலோக்கானோ மொழி ஒலிக்கலாயிற்று.

பெரிய வாரத்தில் சுற்றுப்பிரகாரம் வரும் சொரூபங்களுட் பல கோவிலுக்குச் சொந்தமானவை அல்ல. ஊரிலுள்ள குடும்பங்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டில் வைத்துப் பேணி, ஆடை உடுத்தி, அலங்கரித்த தேரில் ஏற்றிக் கொண்டுவரும். அக்கடமையை உடையவரைக் கமரேரோ என்பர். சுற்றுப்பிரகாரக் கூட்டினை அலங்கரிப்பது யார் என்பதில் ஊர்கள் கொள்ளும் பெருமையையும் பிணக்கையும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பங்கு மக்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

சாளரங்களைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கண்ணாடி அரிதாயிருந்த காலத்தில், தட்டையாகவும் மெல்லியதாகவும் உள்ள ஒருவகைச் சிப்பியைச் சிறு சதுரங்களாக அறுத்து மரச்சட்டங்களிற் பொருத்தினர். உச்சி வெயிலையும் அது நிலவைப்போல் குளிர்ந்த ஒளியாக மாற்றி உள்ளே விடும். அதே இனச் சிப்பி திருகோணமலையை அடுத்த தம்பலகாமக் குடாவிலும் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அங்கே அதனை எடுத்தது அதனுள் இருந்த சிறு முத்துக்காக. ஒரே சிப்பியில் ஒரு நாட்டார் முத்தைத் தேடினர். மற்றொரு நாட்டார் ஓட்டின்வழி வந்த ஒளியைக் கண்டனர்.

கோவிற் பொருள்களுள் தனிச் சிறப்புடையது மணிலாவுக்கு அண்மையிலுள்ள லாஸ் பின்யாஸ் பங்குக் கோவிலின் மூங்கில் ஆர்கன். இன்று பெருநகரத்தோடு கலந்துவிட்ட அவ்வூர் அன்று மீனவரும் உப்பு விளைப்போரும் வாழ்ந்த சிறு கிராமம். அங்கே பங்குக் குருவாக இருந்த தியேகோ சேரா அடிகள், ஐரோப்பாவிலிருந்து ஆர்கன் வரவழைக்கப் பொருளில்லாத நிலையில், கையருகே கிடைத்த மூங்கிலைக் கொண்டு 1816இல் வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலிற் புதைத்துவைத்துப் பின்னர் எடுத்து, பூச்சிக்கு இரையாகாதிருந்தவற்றையே தெரிந்துகொண்டாராம். 1824இல் ஆர்கன் நிறைவெய்தியது. மொத்தம் 1,031 குழல்கள். அவற்றுள் 902 மூங்கில். எக்காள ஓசை தரவேண்டிய குழல்களை மாத்திரம் உலோகத்தால் அமைத்தார். அந்த ஓசை மூங்கிலில் வரவில்லை. அந்நூற்றாண்டின் நிலநடுக்கங்களும் புயலும் அக்கருவியையும் ஊமையாக்கின. 1973இல் அது ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, பொன் நகரத்தின் ஆர்கன் தொழிலாளரால் செப்பனிடப்பெற்று, 1975இல் தன் ஊருக்குத் திரும்பியது. இன்றும் பூசையில் ஒலிக்கிறது.

பவாய்க் கோவில் 1865இலும் 1885இலும் நேர்ந்த நடுக்கங்களில் ஊறுபட்டுத் திருத்தப்பட்டது. 1993இல் மணிலா அர்ச். அகுஸ்தீன் கோவில், மியாகாவ்க் கோவில், தென் இலோகோஸின் சாந்தா மரியாக் கோவில் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமையாக ஏற்றுக்கொண்டது. அங்கே இன்றும் ஞானஸ்நானமும் திருமணமும் நடக்கின்றன. அது காட்சிச்சாலை ஆகவில்லை.

தடித்த சுவர் எப்பொழுதும் வெல்லும் என்று எண்ணுதல் தவறு. விசாயன் தீவுகளுள் ஒன்றாகிய போகோல் தீவிலும் முருகைக்கல்லால் ஆன பழம்பெரும் ஊர்க் கோவில்கள் பல இருந்தன. 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி காலை எட்டு மணி கடந்து சில நிமிடங்களில் 7.2 அளவுடைய நடுக்கம் அத்தீவை உலுக்கியது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். லூன் ஊரின் கோவிலும் மரிபோகோக் ஊரின் கோவிலும் முற்றாகச் சரிந்து கற்குவியலாயின. லோபோக் கோவிலின் முகப்பு உடைந்தது. அதன் மணிக்கோபுரம் பாதியாக முறிந்தது. பக்லயோன் கோவிலின் முன்மண்டபம் வீழ்ந்தது. இத்தகைய கோவில்களின் பருத்த சுவர்கள் முழுவதும் ஒரே கல்லாக இருப்பதில்லை. வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் அறுத்த கல்வரிசை; இடையே உடைகல்லும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பிய நடுப்பகுதி. நடுக்கம் அருகிலே எழுந்து மிக வலுத்தால் இரு முகங்களும் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, நடுப்பகுதி மணலைப்போல் சொரிந்துவிடும்.

குவியலை அள்ளி எறிந்துவிட்டுச் சீமெந்தாற் புதிய கோவில் கட்டுவது எளிதாயிருந்திருக்கும். அங்கே அவ்வாறு செய்யவில்லை. தேசிய அரும்பொருளகத்தாரும் ஊர் மக்களும் வீழ்ந்த கற்களைத் தெரிந்து பிரித்து, எது எவ்விடத்துக் கல் என்று ஆராய்ந்து, இலக்கமிட்டு அடுக்கினர். செதுக்கு வேலையுள்ள கல், மூலைக்கல், வளைவுக்கல் என்று தனித்தனி வரிசைகள். மக்கள் அதுவரை தற்காலிகக் கூரையின் கீழே பூசை கண்டனர். லூன் ஊராரின் கோவில் அவர்களிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டபொழுது 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஆகியிருந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். அவர்களின் முப்பாட்டன்மார் கட்டாய வேலையாய்ச் சுமந்த கற்களுட் பல, அவர்கள் விரும்பிக் கேட்டபடி, பழைய இடத்திலேயே மீண்டும் ஏறின.